அவளிடமிருந்து வாங்கிக்கொண்ட வேலைகள்

துறைக்குத் துறை பெண் விஞ்ஞானிகள் ஆதரவுக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தபோது, எங்கள் துறையில் என்னைத் தலைவியாகப் போட்டார்கள். நிரந்தர வேலையில் இருந்த ஒரே பெண் நான். வேறு தகுதி எதுவும் யாரும் கேட்கவில்லை. ஆதரவு பெற வேண்டியவளும் அப்போது ஒருத்திதான் இருந்தாள். ஆக, குழு என்பது நானும் அவளும் ஒரு ஃபைலும்.

அவள் ஒப்பந்தத்தில் இருந்தாள். ஆண்டுக்கு ஒருமுறை கடிதம் வரும். வந்தால் இன்னும் ஓராண்டு உண்டு. துறையில் ஒரு நிரந்தர இடம் காலியாகப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கடுத்த இடம் காலியாகும்போது அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும் என்பதும் தெரியும். இந்த ஒன்று கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் அவள் பல்கலைக்கழகத்தை மறந்துவிட வேண்டியதுதான். அந்த இடம் அவளுக்குத்தான் கிடைக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படிக்கும்போது சந்தேகம் வரும்.

நாங்கள் இருவருமே கொச்சி மட்டாஞ்சேரிக்காரர்கள். என் குடும்பம் பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகிறது. அவளுடைய அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து ஓட்டல் வேலைக்கு வந்தவர். அவள் பிறந்தது இங்கேதான். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுதுவதெல்லாம் மலையாளத்தில். துறையில் நாங்கள் தமிழில் பேசிக்கொண்டால் மற்றவர்கள் ஏதோ ரகசியம் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் சாயா குடிக்கப் போகலாமா என்பதைத்தான் பேசிக்கொண்டிருப்போம்.

எங்கள் ஆராய்ச்சிக்கு ஆங்கிலத்தில் பெரிய பெயர். பூமியின் உடம்பு கெட்டால் மனிதர்களின் உடம்பு எப்படிக் கெடுகிறது என்று பார்ப்பதுதான் சுருக்கம். மட்டாஞ்சேரிக் கிடங்குகளை ஒட்டிய கொச்சங்காடி வீடுகளில் பெரிய பெயரைச் சொன்னால் கதவைச் சாத்திவிடுவார்கள், அதனால் சூட்டைப் பற்றிப் படிக்கிறோம் என்று சொல்வோம். படித்துவிட்டு என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் இன்றுவரை நல்ல பதில் இல்லை. அவளிடம் இருந்தது. நீங்கள் ராத்திரி எவ்வளவு வேகிறீர்கள் என்பதை எழுதி, எழுதினால் மட்டும் நம்புகிறவர்களிடம் காட்டுவோம் என்பாள்.

யோசனை அவளுடையது. அவளே ஷீட் கூரைக்கு அடியில் வளர்ந்தவள். கிடங்குகளில் பகலெல்லாம் சுக்கும் மிளகும் தரம் பிரிக்கும் பெண்கள், மாலையில் வீட்டுக்குப் போனால் அந்த ஷீட் பகலில் குடித்த சூட்டை விடியும்வரை கக்கிக்கொண்டிருக்கும். அவர்கள் படுக்குமிடத்தில் சூட்டைப் பதிவுசெய்யும் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி வைக்க வேண்டும். காலையில் ரத்த அழுத்தம் பார்த்து, எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆராய்ச்சி. எழுதிப் போட்டதும் பணம் வந்தது. அவள் முதன்மை ஆய்வாளர், நான் கூட்டு. ஒப்பந்தக்காரிக்கு அப்படிக் கிடைப்பது அபூர்வம். நேர்காணலில் அவளுக்கு இது ஒன்றே போதும் என்று துறைத்தலைவர் சொன்னார்.

ஓணம் விடுமுறை முடிந்து வந்த முதல் வாரத்தில் அவள் கர்ப்பமாக இருப்பதைச் சொன்னாள். ஆய்வகத்தில் குளிர்பெட்டியைத் திறந்து எதையோ தேடிக்கொண்டே சொன்னாள். நல்லது என்றேன். அன்று மாலையே அவளுடைய களப்பணி நாட்களை என் பெயருக்கு மாற்றிவிட்டேன்.

ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் ஒப்பந்தத்தில்தான் இருந்தேன். அப்போது ஆலுவாவில் பெரியாற்றுத் தண்ணீர் எடுத்துச் சோதிக்கும் வேலை. கேன்களைப் படிக்கட்டில் தூக்கி ஏற வேண்டும், பிறகு பஸ். ஏழாம் மாதத்தில் ஒரு நாள் மூன்று முறை ஏறி இறங்கினேன். அந்த வாரம் குழந்தை போய்விட்டது. கேன்களால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானாகச் சொல்லிக்கொண்டேன். மூன்றாவது வாரம் வேலைக்குத் திரும்பினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பெரிய சந்தோஷமோ பெரிய துக்கமோ எனக்கு வந்ததாக நினைவில்லை. வேலை பார்த்தேன். நிரந்தரமானேன். வீட்டுக்காரர் எப்போதாவது என்னிடம், உனக்குக் கோபம்கூட வருவதில்லையே என்பார். கோபம் வரும், கமிட்டிகளின்மேல் நிறையவே வரும். அது சருமத்தோடு நின்றுவிடும்.

அதனால் அவள் எதையும் தூக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். முதலில் களப்பணி. பிறகு அவள் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மாணவிகள், ஏனென்றால் அவர்களோடு உட்கார்ந்தால் மணிக்கணக்கில் பேசுவாள். பிறகு வகுப்புகள். டிசம்பரில், நிதி தரும் அமைப்புக்கு நானே கடிதம் எழுதி, தற்காலிகமாக முதன்மை ஆய்வாளர் பொறுப்பை நான் ஏற்பதாகச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். கேட்டேன் என்று சொல்ல மாட்டேன், சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவள் சரிக்கா என்றாள். ஒரே ஒரு முறை, கொச்சங்காடி வீடு என் வீட்டிலிருந்து ரெண்டு தெருதானே அக்கா, நடந்தே போயிடுவேன் என்றாள். அங்கே கிடங்கோரத்துப் படிகளை நீ பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். அந்தப் படிகளில் விளையாடி வளர்ந்தவளிடம்.

அவள் விடுப்பில் போகும் முன் துறையில் கேக் வெட்டினோம். துறைத்தலைவர் நல்ல மனிதர், மெல்லப் பேசுவார். எங்கள் துறையில் விடுப்பில் இருக்கும் தாய்மார்களை வேலை விஷயமாக யாரும் கூப்பிடக் கூடாது என்று அன்று நான் ஒரு விதி போட்டேன். அவர் அதைத் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். மற்ற துறைகளிலிருந்து வந்து படமெடுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஆண்டின் நல்ல நடைமுறை என்று பல்கலைக்கழகச் செய்திமடலில் வந்தது. என் படமும் வந்தது. அதில் நான் சிரிக்கிறேன், எதற்கென்று தெரியவில்லை.

பிப்ரவரியில் பெண் குழந்தை பிறந்தது. துறையிலிருந்து போனவர்களோடு நானும் போய்ப் பார்த்தேன். தூக்கிக்கொள்கிறீர்களா என்று அவளுடைய அம்மா நீட்டினார். சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

பெட்டிகளை ஓணத்துக்கு முன்பே அவள் வீடுகளில் கொடுத்து வைத்திருந்தாள், அளவெடுப்பது வெயில் காலத்தில்தான். மார்ச்சில் சூடு ஏறியது. நான் கொச்சங்காடிக்குப் போகத் தொடங்கினேன். அந்த வீடுகள் பெரும்பாலும் ஒற்றை அறை, மேலே ஷீட், ஒரு பக்கம் கிடங்குச் சுவர். சுக்கின் தூள் வாசலில் காலெடுத்து வைத்ததுமே தும்ம வைக்கும். அந்தப் பெண்கள் எனக்கும் நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், ஆனால் முகம் அவளைத் தேடியது. டீச்சர் எப்போது வருவாள் என்று கேட்டார்கள். நான் வெறும் மேடம்.

முதல் நாளே ஒன்றைக் கவனித்தேன். பெட்டிகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. எங்கள் ஆய்வுத் திட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படம் இருக்கிறது; படுக்குமிடத்துக்கு மேலே சுவரில் ஒரு புள்ளி வைத்திருக்கிறோம். அந்தப் புள்ளியில் வெறும் ஆணிதான் இருந்தது. ஒரு வீட்டில் பெட்டி வாசல்படி ஓரத்தில் இருந்தது, ஒரு வீட்டில் பாயோடு சேர்த்துச் சுருட்டி வைத்திருந்தார்கள், இன்னொரு வீட்டில் இல்லவே இல்லை, வீட்டுக்காரி வெளியே போய் எங்கிருந்தோ எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்கு எரிச்சல் வந்தது. இவர்களை அவள் செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். பஜாரில் கட்டுக்கம்பியும் ஒரு குறடும் வாங்கி, வீடு வீடாகப் போய்ப் பெட்டியைப் புள்ளியில் வைத்து, ஆணியோடு சேர்த்து முறுக்கிக் கட்டினேன். இனி இதை யாரும் அசைக்கக் கூடாது என்று மலையாளத்திலும் தமிழிலும் சொன்னேன். அவர்கள் தலையாட்டினார்கள். யூனிவர்சிட்டியிலிருந்து வந்து சொல்கிறவர்களிடம் அவர்கள் தலையாட்டத்தான் செய்வார்கள். முப்பது ஆண்டு இந்தத் தொழிலில் இருந்தவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வாரம் அவள் கூப்பிட்டாள். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அக்கா, பெட்டி விஷயமா ஒண்ணு, என்று தொடங்கினாள். விதி ஞாபகம் இருக்கிறதா என்று சிரித்தேன். நான் கூப்பிடக் கூடாது, நீயும் கூப்பிடக் கூடாது, எல்லாம் நன்றாகப் போகிறது, தூங்கு மோளே என்று வைத்துவிட்டேன். ஏப்ரலில் இன்னொரு முறை கூப்பிட்டாள். கூட்டத்தில் இருந்தேன். ஓய்வெடு என்று ஒரு செய்தி அனுப்பினேன், பூப்படத்தோடு. அந்தக் கூட்டம் பெண் விஞ்ஞானிகள் ஏன் பாதியில் விலகிவிடுகிறார்கள் என்பதைப் பற்றியது.

மே கடைசியில் பெட்டிகளின் பதிவுகளைக் கணினியில் ஏற்றினோம். வரைபடம் எழும்பியதைப் பார்த்துத் துறைத்தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ராத்திரி முழுக்க ஷீட் கூரைக்கு அடியில் அப்படியொரு சூடு. இதை யாரும் மறுக்க முடியாது என்றார். ஒன்று மட்டும் உதைத்தது. மிகச் சூடான வீட்டுப் பெண்களில் பாதிப் பேர் நன்றாகத் தூங்கியதாகச் சொல்லியிருந்தார்கள். ரத்த அழுத்தமும் அவர்களுக்குச் சாதாரணமாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு, தொடர்ந்து இந்தச் சூட்டில் வாழும் பெண்களின் உடல் அதற்குப் பழகிவிட்டிருக்கிறது என்று அறிக்கையில் எழுதினேன். எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. புதிய முடிவு. துறைத்தலைவர் அந்த வரியை எல்லோருக்கும் அனுப்பினார்.

நேர்காணல் ஜூலையில் வந்தது. நல்ல மழை. அதற்கு முந்தின நாள், ரத்த அழுத்தக் கருவி ஒன்றைத் திரும்ப வாங்குவதற்காகக் கொச்சங்காடியில் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்காரி கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கிறவள், என் வயதிருக்கும், அவளுடைய வீடுதான் வரைபடத்தில் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னவர்களில் அவளும் ஒருத்தி. கருவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, மழை விடும்வரை உட்காரச் சொன்னாள். பேச்சுவாக்கில், இவ்வளவு சூட்டில் எப்படித்தான் தூங்கினீர்களோ என்றேன். அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள்.

“இங்க யாரு கெடந்தா? மீனம் மேடம் மாசத்துல, அந்த வெயில்ல, இதுக்குள்ள கெடந்தா வெந்துபோவும். நாங்க பத்துப் பேரு கிடங்கு வராந்தாவுலல்ல போயிக் கெடப்போம், காயல் காத்து வரும். பாயோட பெட்டியும் எடுத்துட்டுப் போவணும்னு டீச்சர் சொல்லியிருந்தா. நீங்க வந்து கம்பி போட்டுக் கெட்டிட்டீங்க. பின்ன என்ன செய்ய?”

மழை விட்டதா இல்லையா என்று நினைவில்லை. நடந்து வீட்டுக்குப் போனேன். மூன்று மாதம் நான் ஆளில்லாத அறைகளின் சூட்டை அளந்திருக்கிறேன். யாரும் தூங்காத இடத்தைப் பார்த்து, நன்றாகத் தூங்குகிறார்கள், பழகிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறேன். பெட்டி அசையாமல் இருக்க வேண்டும் என்பது என் ஒழுங்கு. பெட்டி பாயோடு போக வேண்டும் என்பது அவள் வேலை செய்யும் முறை. அவர்கள் பெட்டியை எடுத்துப் போனதுதான் சரியான ஆராய்ச்சி. நான் ஒரு போன் செய்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அவளே இரண்டு முறை செய்தாள்.

ஆடிப்போயிருக்க வேண்டும். எனக்கு எதுவும் தோன்றவில்லை. சமைத்தேன், சாப்பிட்டேன், மறுநாளைக்குப் புடவையை இஸ்திரி போட்டு வைத்தேன்.

நேர்காணல் அறையில் ஒரு பெண் உறுப்பினர் இருக்க வேண்டும் என்பது விதி. மதிப்பெண் போடும் உரிமை இல்லை, பேசலாம். அந்தப் பெண் நான். அவள் சாம்பல் நிறச் சேலையில் வந்தாள். வெளியே அவளுடைய அம்மா குழந்தையோடு பெஞ்சில் இருந்தார், அது நடுநடுவே அழுவது கதவு வழியாகக் கேட்டது. வெளியூரிலிருந்து வந்த நிபுணர் தாள்களைப் புரட்டிவிட்டு, கடந்த ஓராண்டில் உங்கள் பெயரில் எதுவுமே இல்லையே என்றார். மாணவிகள் இல்லை, வகுப்பு இல்லை, திட்டத்திலும் முதன்மை ஆய்வாளர் வேறொருவர். விடுப்பில் இருந்தேன் என்றாள். விடுப்புக்கு முன்னால் உள்ள மாதங்களைக் கேட்கிறேன் என்றார். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். குறைசொல்லும் பார்வை இல்லை. நீங்கள் சொல்லுங்கள் என்பதுபோல் இருந்தது.

நான் என் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் அந்த அறிக்கையை எடுத்தார். பெண்கள் சூட்டுக்குப் பழகிவிட்டார்கள் என்ற முடிவை நீங்கள் ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். நான் அறிக்கையைப் பார்க்கவில்லை, ஆனால் அப்படி இருக்க முடியாது என்றாள். வெயில் காலத்தில் அவர்கள் அந்த அறைகளில் படுப்பதே இல்லை என்றாள். அறிக்கையில் அப்படி இல்லையே என்றார் நிபுணர், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றார். அவர்களை எனக்குத் தெரியும் என்றாள். அறையிலிருந்த எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

ஒரு வாக்கியம் போதும். அவள் சொல்வது சரி, தப்பு என்னுடையது. முந்தின நாளிலிருந்து அது என் வாயில்தான் இருந்தது. மென்று முழுங்கினேன். இப்போது சொன்னால் அவளுக்குப் பரிந்து பேசுவதுபோல் ஆகிவிடும், பிறகு முறையாக எழுதிக் கொடுக்கலாம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பயம் என்று சொன்னால் அதுதான் நிஜம். என் பெயரில் முதல்முறையாகப் பலரும் பேசிய ஒரு அறிக்கை அது. தரவுகளை மறுபடி சரிபார்க்கலாம் என்றேன். நிபுணர் தலையாட்டிவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார்.

அவள் போன பிறகு, பெண் உறுப்பினர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார்கள். அவளுக்கு உதவ எனக்கு இருந்த கடைசிச் சந்தர்ப்பம். அவள் மிகவும் கெட்டிக்காரி, இந்த ஆண்டு அவளுக்குக் கஷ்டமான ஆண்டு, கைக்குழந்தை இருக்கிறது, அதைக் கருத்தில்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். அவர்கள் கருத்தில்கொண்டார்கள். பாவம், குழந்தை கொஞ்சம் வளரட்டும், இப்போது இந்தச் சுமையை ஏன் அவள் தலையில் வைக்க வேண்டும் என்று துறைத்தலைவர் இரக்கத்தோடு சொன்னார். எல்லோரும் இரக்கத்தோடுதான் பேசினார்கள். அந்த இடம் வேறொருவருக்குப் போனது. நல்ல பையன், அவன்மேல் தப்பில்லை. அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிந்தது. இடம் நிரம்பிவிட்டதால் புதுப்பிக்க வழி இல்லை என்று கடிதம் போயிற்று. அதன் நகல் என் குழுவின் ஃபைலுக்கும் வந்தது.

நிதி தந்த அமைப்புக்கு நான் எழுதினேன். வெயில் காலப் பதிவுகள் எதையும் பயன்படுத்தக் கூடாது, பெட்டிகளைக் கட்டிவைத்தது நான், திட்டமும் முறையும் அவளுடையவை, முதன்மைப் பொறுப்பை அவளுக்கே திருப்பித் தர வேண்டும் என்று. அனுப்புவதற்கு முன் துறைத்தலைவரிடம் காட்டினேன். இப்போது எதற்கு இது, யாருக்கு லாபம் என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன். அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தபோது மனது லேசாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மேஜை, மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே இடப்பள்ளிப் பக்கம் போகும் வண்டிகள், எல்லாம் முன்பு போலவே இருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. தரையில் பாய் விரித்துக் குழந்தையைத் தூங்கப் போட்டிருந்தாள். அம்மா தென்காசிக்கு ஒரு சாவுக்குப் போயிருந்தார், கணவருக்கு அன்றும் டியூட்டி. சாயா போட்டுக் கொடுத்தாள். நான் கம்பியைப் பற்றிச் சொன்னேன். நேர்காணலுக்கு முந்தின நாளே எனக்குத் தெரியும் என்பதையும், தெரிந்தே பேசாமல் இருந்தேன் என்பதையும் சொன்னேன். எழுதி வைத்துப் படிப்பதுபோல் சொல்லி முடித்தேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். எந்தெந்த வீட்டில் எந்தத் தேதியில் கட்டினேன் என்று மட்டும் கேட்டாள்.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற நீளமான நோட்டு, மலையாளத்தில் நெருக்கி எழுதியிருந்தது. விடுப்பிலிருந்த மாதங்களில் மாலையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த இரண்டு தெருக்களையும் நடந்திருக்கிறாள். எந்த வீட்டுப் பெண் எந்த இரவு எங்கே படுத்தாள் என்று மறுநாள் கேட்டுக் குறித்திருக்கிறாள். கிடங்கு வராந்தா, வாசல்படி, உறவுக்காரர் மொட்டை மாடி. வயசுக்கு வந்த பெண் உள்ளவர்கள் மட்டும் எங்கேயும் போகாமல், கதவைச் சாத்திக்கொண்டு ஷீட்டுக்கு அடியிலேயே மகளோடு படுத்திருக்கிறார்கள். அந்தப் பெண்களின் ரத்த அழுத்தம்தான் ஏறியிருந்தது. யாரும் பழகவில்லை. போக முடிந்தவர்கள் போனார்கள், போக முடியாதவர்கள் வெந்தார்கள். நான் தேடிய முடிவு, நான் கண்டுபிடிக்காத முடிவு, அந்த நோட்டில் பந்துமுனைப் பேனாவில் இருந்தது.

கை தானாக நீண்டது. “குடு, நான் பாத்துக்கறேன்” என்றேன்.

அவள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

“வேண்டாம் அக்கா. இது நான் பாத்துக்கறேன்.”

சாயாவைக் குடித்து முடித்தேன். மணியைப் பார்த்தாள். இன்றைக்குக் கொச்சங்காடிப் பெண்களிடம் வருவதாகச் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எல்லோரும் ஒன்றாகக் கிடைப்பார்கள் என்றாள். வேலை போய்விட்டதே, இனி எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்காமலிருக்க அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். மழையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று அவளே தயங்கினாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“ரெண்டு மணிக்கூர் இவளப் பாத்துக்குவீங்களா அக்கா?”

ஓராண்டாக அவளுக்கு என்னவெல்லாமோ செய்தேன். அவள் என்னிடம் கேட்ட உதவி இது ஒன்றுதான். சரி என்றேன். பால் எங்கே இருக்கிறது, எழுந்தால் எந்தப் பக்கம் சாய்த்துத் தூக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, நோட்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு குடையோடு இறங்கிப் போனாள். வேகமாக நடந்தாள்.

கொஞ்ச நேரத்தில் குழந்தை விழித்தது. தூக்கினேன். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது, வெதுவெதுப்பாக இருந்தது. என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. அது அழத் தொடங்குவதற்கு முன் எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்க முடியாத அழுகை, இருபது ஆண்டு அழுகை. குழந்தை பயந்துபோய் அழாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இடம் போனது அவளுக்கு, ஓராண்டு போனது அவளுக்கு, அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் வேலைக்குப் போயிருக்கிறாள். அவள் வீட்டில், அவள் பாயில் உட்கார்ந்து, அவள் அழ வேண்டியதையும் நானே எடுத்துக்கொண்டு அழுதேன்.